வியன்னாவுக்கு ஒரு சுவெட்டர்

செலினா,

இந்தக் கடிதத்தைச் சுவெட்டருக்குள் மடித்து வைத்திருக்கிறேன். வியன்னாவில் நாம் தங்கிய விடுதிக்கே அனுப்புகிறேன். உன் வேறு முகவரி எனக்குத் தெரியாது. எப்போதாவது நீ அந்தப் பக்கம் போகமாட்டாயா?

நீ அங்கேயே மேல்படிப்பில் சேர்ந்துவிட்டாய் என்றுதான் உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஊர் திரும்பும் நாளில், விமான நிலையத்தில், "நீ உள்ள போடி, இந்தா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு நீ போனதைச் சொல்லவில்லை. 'என்னைத் தேடாதே' என்று நீ அனுப்பிய ஒற்றை வரியையும் காட்டவில்லை. நாம் அங்கே படிக்கப் போன கோடைக்கால வகுப்பிலும் ரயில் பயணங்களிலும் எடுத்த உன் படங்களை, இப்போதுதான் வந்தது என்று வாரம் ஒன்றாகக் காட்டி வந்தேன்.

கொடைக்கானலில் இப்போது உறைபனி. ஏரியோரம் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. போன ஞாயிறு பூசை முடிந்ததும் உன் அம்மா என் செல்போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இங்கயே இந்தக் குளிரு குளிருது. அங்க பனி கொட்டுமாம்ல? எம்புள்ள கையில்லாத சட்டையோட நிக்கிறா. ஒரு சுவெட்டருக்குக்கூட வழியில்லாமக் கெடக்காளா?"

மறுநாளே நூல் வாங்கிப் பின்ன உட்கார்ந்துவிட்டார். நேற்று அளவு பார்க்க என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டதும் கட்டிப்பிடித்தார். விடவேயில்லை.

"நெசமாவே அவ அங்க இருக்காளாடி?" என்று என் தோளில் முகத்தை வைத்தபடி கேட்டார்.

செலினா, நீ ஊருக்கு வர வேண்டாம். காரணமும் சொல்ல வேண்டாம். இதைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு படம் அனுப்பு. என்னிடம் இருந்த படங்கள் தீர்ந்துவிட்டன.

உன் காலி இருக்கைக்குப் பக்கத்தில்
உட்கார்ந்து வந்தவள்