வெயிலில் காய்ந்த நங்கூரக் கயிறு

கட்டுமாவடி,
14-12-1966

அன்பு மகன் அருளப்பனுக்கு அப்பா எழுதுவது. பம்பாயில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அதற்கு மேல் எழுத இல்லை. உன் தம்பி இன்னாசிக்கு முப்பதாம் நாள் பூசை நேற்று முடிந்தது. லீவு கிடைக்காமல் நீ வர முடியாததில் எனக்குக் கோபமில்லை, உன் அம்மாதான் ரெண்டு பிள்ளையும் இல்லாமப் போச்சே என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஒரு காரியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். காற்றடித்த அன்று படகில் இன்னாசியும் மரியசெல்வமும் இரண்டே பேர். நங்கூரக் கயிறு அறுந்து, படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்ததில் மரியசெல்வம் மட்டும் ஒரு பலகையைப் பிடித்துக் கரை சேர்ந்தான். அவன்தான் பயத்தில் கயிற்றை வெட்டிவிட்டான் என்று ஊரே சொல்கிறது. தானா அத்துப்போச்சு மாமா, நான் கத்திய எடுக்கவே இல்லைங்க என்று என் காலைப் பிடித்து அழுதான். ஊர்க் கூட்டத்தில் என்னைப் பார்த்து, பம்பாய்க் கயிறு, யானையக் கட்டுனாலும் அறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க என்று கேட்டார்கள். நீ அனுப்பிய பிளாஸ்டிக் கயிறு அல்லவா, இரண்டு வருசமாக அந்தப் பெருமையை நான் பேசாத இடமில்லை. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பொங்கல் கழிந்ததும் அவனை ஊரைவிட்டு விலக்கப்போகிறார்கள், இப்போதே அவன் பெண்டாட்டியைக் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடுவதில்லை.

அருளப்பா, கயிற்றை அனுப்பும்போதே இதற்கு வெயில் ஆகாது, நிழலில் வையுங்கள் என்று எழுதியிருந்தாய். கடலில் நனைந்ததை நிழலில் வைக்கிற மடையன் உண்டா என்று சிரித்தேன். பருத்திக் கயிற்றை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இற்றுப்போகும், கரைக்கு வந்ததும் வெயிலில் விரிப்பது பிறந்ததிலிருந்து கண்ட பழக்கம். இதையும் ஒரு நாள் விடாமல் கூரைமேல் நானே விரித்தேன். வேண்டாம்ப்பா, அண்ணன் சொல்லியிருக்குல்ல என்று இன்னாசி தடுத்தான், அவனை ஏசினேன். படகு கரை ஒதுங்கிய அன்றே அறுந்த நுனியை மடக்கிப் பார்த்தேன், கையில் வெள்ளையாக மாவு மாதிரி உதிர்ந்தது. தெரிந்துகொண்டுதான் கூட்டத்தில் சும்மா இருந்தேன். உன் அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வெயிலும் காற்றும் பட்ட பிளாஸ்டிக் கெட்டு, அதில் புதிதாக என்னென்ன உண்டாகிறது, எவ்வளவு உண்டாகிறது என்று மிஷினில் அளப்பதுதான் உன் வேலை என்று முன்பு எழுதினாயே. இத்துடன் இரண்டு துண்டு வைத்திருக்கிறேன். சிவப்பு நூல் கட்டியது அறுந்த இடத்தில் எடுத்தது, நூல் கட்டாதது அதே கயிற்றில் மீந்து பெட்டிக்குள் வெயிலே படாமல் கிடந்தது. இரண்டையும் அளந்து, எது எவ்வளவு கெட்டிருக்கிறது, தானாக அறுமா என்று ஆபீஸ் முத்திரையோடு எழுது. அப்பன் மனசு நோகுமே என்று அளவைக் குறைத்துப் போடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மருந்து நெடியில் வெகுநேரம் நிற்காதே. ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, பதிலை என் பெயருக்கு அனுப்பாதே. கோவில் சாமியார் பெயருக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லார் முன்னாலும் அவர் படிக்கட்டும். என் கைக்கு வந்தால் கிழித்துப் போட்டுவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

உன் அப்பா,
சூசைராஜ்