சோப்புத் தண்ணீர் என்று சொன்னவனுக்கு

போன வாரம் காரைக்குடியில் சர்க்கரை பார்க்கப் போனேன். நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் முழங்கை மடிப்பில் தேய்த்தாள். வாடை மூக்கில் ஏறியதும் கையை இழுத்துக்கொண்டேன். “சோப்புத் தண்ணி வச்சுத் துடைம்மா” என்றேன். “எதுல துடைச்சா என்ன தாத்தா, சர்க்கரைக்குத்தான பாக்குறோம்?” என்று சிரித்தாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் உன் முகம் வந்துவிட்டது. செத்தவனுக்கு எழுதி என்ன ஆகப்போகிறது என்று நான்கு நாள் தள்ளிப் போட்டேன். முடியவில்லை.

நாச்சியாபுரத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தோம். நான் பள்ளத்தூர் பஸ்ஸுக்கு டிரைவர் ஆனேன். நீ சர்க்கார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஆனாய். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று இங்கே எழுத வேண்டாம். மதுவிலக்குக் காலம் அது. குடித்தவன் என்று பெயர் வாங்கினால் பெண் கொடுத்தவன்கூட வாசலுக்கு வர மாட்டான். நான் கள்ளைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை என்பது உனக்குத் தெரியும்.

அன்று பகலில் கோவிலூர் விலக்குக்கு அருகே ஒரு சைக்கிள்காரன் குறுக்கே திரும்பினான். நான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். பஸ் புளியமரத்தில் மோதியது. அவனுக்குக் கால் முறிந்தது. எனக்கு நெற்றி பிளந்தது. இரண்டு பேரையும் உன் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள். டாக்டர் என்னைத் தரையில் கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். கண்ணுக்குள் ரத்தம் வழிகிறவன் எப்படி நடப்பான்? ‘தள்ளாடுகிறான்’ என்று எழுதினார். சோதனைக்கு ரத்தம் எடுக்கும்படி உன்னிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நீ பஞ்சோடு வந்தாய். “என்ன மாப்ள, பஸ்ஸக் கொண்டுபோயி மரத்துல கட்டிப்புட்டியாமே?”

அந்த வலியிலும் சிரித்தேன். கையில் சில்லென்று பட்டது. “என்னடா இது, இப்படிக் குளுருது?”

“ஸ்பிரிட்டு மாப்ள. நல்லா மோந்துக்க, வெளிய கிடைக்காது.”

இதைச் சொன்னது நீ. உன் வாயால் சொன்னாய்.

சீசாவுக்கு அரக்கு வைத்து போலீஸ்காரரிடம் கொடுத்தாய். அது மெட்ராஸுக்குப் போனது. என் ரத்தத்தில் சாராயச் சத்து இருக்கிறது என்று காகிதம் வந்தது. என் வக்கீல் கெட்டிக்காரர். கூண்டில் நின்ற உன்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: ஊசி குத்தும் முன் கையை எதால் துடைத்தீர்கள்? நீ டாக்டரைப் பார்த்தாய். பிறகு “சோப்புத் தண்ணிங்கய்யா” என்றாய். நான் “பொய்!” என்று கத்தினேன். மாஜிஸ்திரேட் என்னைத்தான் அதட்டினார். மூன்று மாதம் ஜெயில். லைசென்ஸ் போனது.

ஜெயிலைவிடப் பெரிது வீட்டில் காத்திருந்தது. என் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எத்தனை சொல்லியும் ஒரே பதில்தான்: “மெட்ராஸ்ல இருந்து வந்த காகிதம் பொய் சொல்லுமாடா?” அவரை ஒருமுறை நம்ப வைத்துவிட்டால் போதும் என்று இருந்தேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். ஒரு பழைய வக்கீல் வீட்டில் கழித்துப் போட்ட புத்தகங்களில் இங்கிலீஷ் சட்ட மருத்துவ நூல் ஒன்றை வாங்கி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வருடம் எழுத்துக் கூட்டினேன். குடித்தவனா என்று பார்க்க ரத்தம் எடுக்கும்போது தோலை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது என்று ஒரு பக்கத்தின் அடியில் போட்டிருந்தது. அன்று அழுதுவிட்டேன். புத்தகத்தை அப்பாவிடம் கொண்டு போனேன். “எழுதப் படிக்கத் தெரியாதவன்கிட்ட இங்கிலீசைக் காட்டுறியாக்கும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறு வருடம் சாகும்போது, “அந்தக் குடிகாரன் எனக்கு வாக்கரிசி போடக் கூடாது” என்று சொல்லிவிட்டுச் செத்தார். தம்பி கொள்ளி வைத்தான். நான் தெருமுனையில் நின்று புகையைப் பார்த்தேன்.

பல வருடம் கழித்து நீ ஈரல் வீங்கிப் படுத்தபோது உன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். “அண்ணே, உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காக. ஒரு எட்டு வந்துட்டுப் போங்கண்ணே.” வந்தேன். உன் மகனும் மகளும் சம்பந்தி வீட்டாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நலம் விசாரிக்கவில்லை நான்.

“எதால துடைச்ச?”

“ஸ்பிரிட்டுலதான் மாப்ள. டாக்டரு அப்படிச் சொல்லச் சொன்னாரு. வேலை போயிருமேன்னு பயந்துட்டேன்.”

“சத்தமாச் சொல்லு. உன் சம்பந்திக்குக் கேக்கட்டும். உன்னாலதான் நான் ஜெயிலுக்குப் போனேன்னு சொல்லு.”

சொன்னாய். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அதையும் சொன்னாய். உன் மனைவி என் கையைப் பிடித்து, “போதும்ணே, மூச்சு வாங்குறாக” என்றாள். உன் மகள் டம்ளரில் பாலைக் கொண்டுவந்து, “ஒரு வாய் ஊத்துங்க மாமா, உங்க கையால வேணுமாம்” என்றாள். வாங்கினேன். உன் வாய் திறந்தே இருந்தது. டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் நீ போய்விட்டாய் என்றார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், எழுந்திருக்கவில்லை.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. நீ செத்துச் சில வருடம் கழித்து, வேறு ஒருவருக்குக் காட்ட அந்தப் புத்தகத்தை எடுத்தேன். நான் படித்த இடம் பக்கத்தின் அடி. வேண்டியது கிடைத்துவிட்டது என்று அன்றைக்கே மூடிவிட்டிருந்தேன். இந்த முறை பக்கத்தைத் திருப்பினேன். துடைத்த ஸ்பிரிட்டு காய்ந்திருந்தால் அதிலிருந்து ரத்தத்தில் சேர்வது சொற்பமே என்று போட்டிருந்தது. கெடாமலிருக்க மருந்து போடாத சீசாவை வெப்பத்தில் பல நாள் வைத்தால், ரத்தம் கெட்டுப்போய்த் தானே சாராயச் சத்தை உண்டாக்கும் என்றும் இருந்தது. கோர்ட்டில் ஏட்டு சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சீசாவை அனுப்ப ஆள் இல்லாமல் பன்னிரண்டு நாள் ஸ்டேஷன் அலமாரி மேல் வைத்திருந்தார்களாம். சித்திரை வெயில். தகரக் கூரை. அதை என் காதால் கேட்டேன். அன்று என் காது உன் பொய்யை மட்டும்தான் வாங்கியது.

பஞ்சா, பன்னிரண்டு நாளா? இனி யாராலும் சொல்ல முடியாது. நீ சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னாய். அதற்காகத்தான் நான் பால் ஊற்றவில்லை, இன்றைக்கு என்றாலும் ஊற்ற மாட்டேன். ஆனால் உன்னால்தான் ஜெயிலுக்குப் போனேன் என்று சம்பந்தி முன்னால் உன்னை இரண்டு முறை சொல்ல வைத்தேனே, அது உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. அந்தச் சத்து எங்கிருந்து வந்தது என்று மெட்ராஸில் காகிதம் எழுதியவருக்கும் தெரிந்திருக்காது.

இதை உன் மகனிடம் சொல்லலாம். ஒரே நிமிட வேலை. அவன் இன்றும் என்னைக் கண்டால் அப்பன் செய்த பாவத்துக்குத் தலையைக் குனிந்துகொள்கிறான். நேற்று பள்ளத்தூர் பஸ்ஸில் கூட்டம். என்னைப் பார்த்ததும் எழுந்து, “உக்காருங்க மாமா” என்று இடம் கொடுத்தான். உட்கார்ந்துகொண்டேன்.