நாற்பத்தொரு சதவீதம்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் இப்போதைக்குக் கேட்காதே. உன் இருமல் விட்டதா?

அப்பா என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள். சாப்பாடு வேண்டுமென்றால் தட்டை மேசையில் கொஞ்சம் பலமாக வைக்கிறார், அவ்வளவுதான் பேச்சு. காரணம் கால்பந்து. எங்கள் கல்லூரி இருபத்திரண்டு வருஷம் கழித்து இறுதி ஆட்டத்துக்கு வந்தது, எதிரே ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி. அவர்கள் வகுப்பறைக்கு வழி தெரியாத ஆட்களை மாணவர்கள் என்று இறக்குகிறார்கள் என்று நான் எத்தனை வருஷமாகக் கத்துகிறேன், உனக்கே தெரியும். போன வருஷம் அவர்களுடைய கோல்கீப்பர் ஆடியதைப் பார்க்க அவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நான் எழுதிய புகார்கள் தாங்காமல், எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாதவன் இறுதி ஆட்டத்தில் ஆடக்கூடாது, கல்லூரி அலுவலகம் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று போட்டிக் குழு விதி கொண்டுவந்தது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் அலுவலகத்தில் வருகைப் பதிவேடு யார் கையில் இருக்கிறது என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. என் கையில்தான்.

ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் ஆட்டக்காரர்கள் பட்டியல் என் கையெழுத்துக்கு வந்தது. எங்களுக்குக் கோல் போடுகிற ஒட்டகம், அப்பா பெற்ற பிள்ளை மாதிரி கொண்டாடுவாரே அந்த நெட்டையன், நாற்பத்தொரு சதவீதம். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், ஒன்றுகூட ஏறவில்லை. கோச் வந்து பத்து வருஷத்தில் முதல் தடவையாக என் மூட்டுவலியை விசாரித்தார். பிரின்சிபால், பதிவேட்டைப் பென்சிலால் எழுதினால் எவ்வளவு சௌகரியம் என்று பொதுவாக ஒரு கருத்துச் சொல்லிவிட்டுப் போனார். பொய் சொல்ல மாட்டேன், இரண்டு தடவை பேனாவைத் திறந்து மூடினேன். பிறகு உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒட்டகம் இல்லாமல் இறங்கி, மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். கேலரியில் என்னைச் சுற்றி ஆறு இருக்கை காலி, அவ்வளவு காற்றோட்டமாக நான் ஆட்டம் பார்த்ததே இல்லை. அந்தக் கோல்கீப்பருக்குத் தொண்ணூற்றிரண்டு சதவீத வருகையாம். அவர்கள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டவருக்குக் கால்பந்தே பிடிக்காதாம், நீட்டிய இடத்தில் போட்டுவிட்டாராம்.

மறுநாள் ஒட்டகம் என் ஜன்னலுக்கு வந்தான். திட்டுவான் என்று தயாராக இருந்தேன். குனிந்து நின்று, "நாப்பத்தொண்ணு சரிதான் மேடம். காலைல மார்க்கெட்ல மூட்டை எறக்கிட்டு வர்றேன், முதல் ரெண்டு பீரியடும் போயிடும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான். வேலை செய்து படிக்கிறவனுக்கு விலக்கு என்று அந்த விதியில் ஒரு வரி இல்லை. வேண்டும் என்று நானும் எந்தப் புகாரிலும் எழுதியதில்லை. அவனுடைய காலை வகுப்புகளை மதியத்துக்கு மாற்ற முடியுமா என்று பிரின்சிபாலிடம் போய்க் கேட்டேன். விதி என்றால் விதிதான், நீங்கள்தானே கற்றுக்கொடுத்தீர்கள் என்று சிரித்தார். விடுவேனா, தினமும் போய் நிற்கிறேன்.

நீ நோய்நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மறக்காமல் போன் செய். நான் செய்தது சரியா என்று அவர் உன்னிடம் கேட்டால், அது அம்மாவுக்கே இன்னும் தெரியவில்லையாம் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா