ஃபெர்னி தெருவின் அந்தப் பக்கம்

மே 7, செவ்வாய்

நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும்.

இன்று கண்ணில் பட்ட வாரப் பத்திரிகையில் கவுன்சிலர் அம்மா லியான் பாஸ்கோவின் படம். எங்கள் ஃபெர்னி தெரு முனையில் நின்றுகொண்டு சாலையை நோக்கி விரலை நீட்டுகிறார். முகத்தில் அளவெடுத்துத் தைத்த கோபம். சென்ற வாரம் இதே முனையில், இதே போல விரலை நீட்டிக்கொண்டு கவுன்சிலர் ராஸ் ட்ரெவாரோ நின்றார். குழிக்கு ஒரு நீட்டல், எரியாத விளக்குக் கம்பத்துக்கு ஒரு நீட்டல். இதை இவர்களுக்கு எங்கே சொல்லித் தருகிறார்கள்? செப்டம்பரில் தேர்தல் வருகிறது. விரல்கள் முளைக்கும் பருவம்.

இவர்கள் விரல் நீட்டும் அந்த இடத்தில் ஒரு ஜீப்ரா கோடு கூடக் கிடையாது. தானிய லாரிகள் ரவுண்டானாவைத் தாண்டியதும் வேகமெடுப்பது அங்கேதான். பக்கத்து வீட்டு மெர்ல் தினமும் மத்தியானம் வாக்கரைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடப்பதும் அங்கேதான். எண்பத்தோரு வயது. எதிர்ப்பக்கத்து முதியோர் இல்லத்தில் அவர் கணவர் லெஸ் இருக்கிறார். மறதி முற்றிவிட்டது. மெர்ல் ஊட்டினால் மட்டும் சாப்பிடுவார். மற்றவர்கள் ஸ்பூனைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொள்வார்.

ஒரு நாள் அந்தக் கிழவியை லாரி அடித்துவிடும். எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

மே 9, வியாழன்

இன்றே நடந்திருக்கும். பிரேக் சத்தம் கேட்டு ஓடினேன். மெர்ல் நடுச் சாலையில், லாரியின் மூக்குக்கு ஒரு கை தூரத்தில். ஓட்டுநர் தலையை நீட்டி ஏதோ கத்தினான். நான் பதிலுக்குக் கத்தினேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்த வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தைகள்.

"விடுப்பா," என்றார் மெர்ல். "அவன் ஹார்ன் அடிச்சான், நான் வாக்கர்ல இருக்கிற மணிய அடிச்சேன். அவனுது கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்."

"நான் கார்ல கொண்டுபோய் விடுறேன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"எதிர்த்தாப்ல இருக்கிற வீட்டுக்குக் காரா? ரவுண்டானா வரைக்கும் போய் வளைஞ்சு வரணும். அதுக்குள்ள லெஸ்ஸுக்குப் பசி போயிடும். அதோட, நீ எத்தனை நாளைக்கு விடுவ? உனக்கே என் மேல கோவம் வந்திரும். உனக்கு யார் மேலதான் கோவம் வரல."

சரிதான்.

மே 12, ஞாயிறு

என் கோபம் என்னவென்று எழுதிவிடுகிறேன், எனக்கே தெளிவாக இருக்கட்டும்.

சென்ற தேர்தலில் நானும் நின்றேன். இந்த ஊரில் வாக்குச் சீட்டில் எல்லா வேட்பாளருக்கும் ஒன்று, இரண்டு என்று வரிசை எண் போட வேண்டும். யாருக்கு எந்த எண் என்று வாக்குச்சாவடி வாசலில் அட்டை கொடுப்போம். என் அட்டையில் லியானுக்கு இரண்டு, அவர் அட்டையில் எனக்கு இரண்டு என்று பேச்சு. என் சமையலறையில், என் டீயைக் குடித்துக்கொண்டு பேசிய பேச்சு. தேர்தலன்று காலை அவர் அட்டையை வாங்கிப் பார்த்தேன். எனக்கு ஆறு. எங்கள் வார்டில் மூன்று இடத்துக்கு நின்றதே ஆறு பேர்.

அன்றிலிருந்து நகரசபை வாசலை மிதிக்கவில்லை. 21ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மிதிக்கப் போகிறேன். சாலை விஷயம் வருகிறது.

மே 21, செவ்வாய்

லியானின் தீர்மானம்: ஃபெர்னி தெருவில் ஜீப்ரா கோடு. ராஸின் தீர்மானம்: அதே இடத்தில் சிக்னல் விளக்கு.

பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்தேன். ஒன்றுதான் சொன்னேன். "கோடோ விளக்கோ எனக்குக் கவலை இல்லை. இரண்டில் ஒன்றை இன்றிரவு நிறைவேற்றுங்கள். மற்றதைப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளுங்கள்." மேயர் மணியை அடித்தார். உட்கார்ந்தேன்.

லியான்: "சிக்னல்னா மாநில அரசு சம்மதிக்கணும். பத்து வருஷம் இழுக்கும். கோடு அடுத்த மாசமே போட்டுரலாம்."

ராஸ்: "லாரிய நிறுத்துறது பெயிண்ட்டா? கோடு இருக்குன்னு நம்பி இறங்கி ஒரு கிழவி செத்தா லியான்தான் பொறுப்பு."

"விளக்கு வர்ற வரைக்கும் யாராவது செத்தா?" என்றார் லியான்.

"அதுக்கு நீங்க பொறுப்பு."

ஒன்பது பேர். லியானோடு சேர்ந்து நான்கு பேர், ராஸோடு சேர்ந்து நான்கு பேர், இரண்டுமே செலவு என்று முனகும் மேயர். கோட்டுக்கு நான்கு கை, எதிராக ஐந்து. தோற்றது. விளக்குக்கு நான்கு கை, எதிராக ஐந்து. தோற்றது. எட்டுப் பேர் அந்தச் சாலையைப் பாதுகாக்கத் துடித்தார்கள். எட்டுப் பேரும் சேர்ந்துதான் அதைக் கொன்றார்கள்.

அடுத்தது நாய்ப் பூங்காவுக்கு வேலி. இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

வெளியே டீ மேசை. லியான் கேக்கை மென்றுகொண்டே வந்தார். "இன்னும் அந்த ஆறாம் நம்பர்தானா? நாலு வருஷம் ஆச்சுப்பா. தூக்கிப் போடுங்க."

"நான் ரோட்டைப் பத்திப் பேசினேன்."

"ஆமா ஆமா," என்றார். பக்கத்திலிருந்த பெண்ணிடம் திரும்பிக் கண்ணால் ஏதோ சொன்னார். அந்தப் பெண் சிரித்தாள்.

மே 22, புதன்

சபையின் விதிகளை இணையத்தில் படித்தேன். தோற்ற தீர்மானத்தை மூன்று மாதத்துக்கு மறுபடி கொண்டுவரக் கூடாது. அதாவது ஆகஸ்ட் 21. ஆனால் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரம் சபை பெரிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. அது ஆகஸ்ட் நடுவிலேயே தொடங்கிவிடும். ஒரு கதவு திறப்பதற்குள் இன்னொன்று சாத்திக்கொள்ளும்.

ஒரு வழி இருக்கிறது. இரண்டு அணியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் முன்பே கொண்டுவரலாம்.

மெர்லிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் சேர்ந்தா?" என்று கேட்டுவிட்டு, உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தார். லெஸ்ஸுக்கு.

ஜூன் 14, வெள்ளி

பல்லைக் கடித்துக்கொண்டு லியானின் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே:

"ராஸ் என் தீர்மானத்துல கையெழுத்துப் போடட்டும். நான் மாட்டேன்னா சொல்றேன்?"

"நீங்க அவர் தீர்மானத்துல போடலாமே."

"போட்டா விளக்கு அவரு வாங்கிக் கொடுத்ததுன்னு தட்டி வைப்பாரு. என் தொண்டர்கள் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

பிறகு ராஸ். டயர் கடை வைத்திருக்கிறார். என்னிடம் படித்தவர், படித்தார் என்று சொல்ல முடியாது. கிரீஸ் கையோடு தோளில் தட்டினார்.

"வாத்தியாரே, நீங்க நல்லவரு. ஆனா அந்தம்மா மேல உங்களுக்கு இருக்கிற கடுப்பு ஊருக்கே தெரியும். அதுக்காக என்னை இழுக்காதீங்க."

"ராஸ், மெர்ல் செத்துருவாங்க."

"அதான் விளக்கு கேக்குறேன். அந்த லியான்கிட்ட சொல்லுங்க."

அன்று டீ மேசையில் லியான் சொன்னதும் என் கடுப்பு. ராஸ் சொன்னதும் என் கடுப்பு. ஒரே ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

கடுப்பு இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னது? கடுப்பு உள்ளவன் சொன்னால் லாரி மெதுவாகப் போய்விடுமா?

ஜூலை 3, புதன்

குளிர்காலப் பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மெர்ல் அப்படியும் போனார். நான் முன்னால் நடந்து கையை விரித்து வண்டிகளை நிறுத்தினேன். "போலீஸ்காரன் மாதிரியே இருக்க," என்றார். "அந்த மூஞ்சிய மட்டும் அப்படியே வெச்சுக்க. எவனும் நிக்காம போக மாட்டான்."

முடிந்த நாளெல்லாம் இப்படித்தான் கூடப் போகிறேன். முடியாத நாள்களும் இருக்கின்றன.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பல் மருத்துவரிடம் போயிருந்தேன்.

லாரி இல்லை. சின்ன பிக்கப் வண்டி. அதன் பக்கக் கண்ணாடி தட்டி மெர்ல் விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிவு. உயிர் இருக்கிறது.

வாக்கர் இன்னும் சாலை ஓரப் புல்லில் கிடந்தது. எடுத்து வந்து கழுவினேன். அதில் மசித்த கிழங்கு ஒட்டியிருந்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

லெஸ் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று இல்லத்து நர்ஸ் சொன்னாள். நான் போய் ஊட்டிப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிக மரியாதையாக, "பஸ் எப்ப வரும்?" என்று கேட்டார்.

இன்றைய பத்திரிகையில் இரண்டு படம். பக்கம் மூன்றில் லியான், பக்கம் ஐந்தில் ராஸ். முனையில் நின்று விரல் நீட்டுகிறார்கள். லியானின் மறு கையில் பூங்கொத்து.

ஆகஸ்ட் 19, திங்கள்

குழாய் வழியாகத்தான் லெஸ்ஸுக்கு உணவு.

செப்டம்பர் 14, சனி

வாக்குப்பதிவு. பள்ளிக்கூட வாசலில் வழக்கம்போல் பெற்றோர் சாசேஜ் சுட்டு ரொட்டியில் வைத்து விற்றார்கள். வெங்காயப் புகை வரிசை முழுக்க. வேலியில் தட்டிகள். லியான்: 'ஃபெர்னி தெருவுக்காகப் போராடியவர்.' ராஸ்: 'ஃபெர்னி தெருவை விட்டுக்கொடுக்காதவர்.'

இருவரும் ஆளுக்கொரு அட்டையை என் கையில் வைத்தார்கள். ராஸ், "கோவிச்சுக்காதீங்க வாத்தியாரே, வெயில்ல நிக்குறோம், ஒரு நம்பரு போட்டு விடுங்க," என்றார்.

சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். யாருக்கு ஒன்று? யாருக்கு ஆறு? எல்லாக் கட்டத்திலும் எண் போட்டால்தான் செல்லும். போட்டேன். என்ன போட்டேன் என்பதை இங்கே கூட எழுதப் பிடிக்கவில்லை.

இருவரும் ஜெயித்துவிடுவார்கள்.

செப்டம்பர் 18, புதன்

இருவரும் ஜெயித்தார்கள்.

செப்டம்பர் 27, வெள்ளி

மெர்லுக்கு இனி தனியாக இருக்க முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். எதிர்ப்பக்கத்து இல்லத்திலேயே இடம் கிடைத்தது. லெஸ்ஸின் அறைக்கு நான்கு கதவு தள்ளி. ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

மாலையில் போனேன். சின்னதாகிவிட்டார். தலையணைக்குள் ஒரு முகம்.

"பாத்தியா," என்றார். "ஒரு வழியா ரோட்டத் தாண்டிட்டேன்."

நான் சிரிக்கவில்லை. அவருக்காகவாவது சிரித்திருக்கலாம்.

"லெஸ் எப்படி?"

"மத்தியானம் வீல்சேர்ல கொண்டுபோனாங்க. ஸ்பூன நான்தான் பிடிச்சேன். வாயைத் திறக்கல." போர்வையை இழுத்து நேராக்கினார். "ஏழு வாரம் வரலல்ல. யாரு இவள்னு நினைச்சிருப்பாரு."

மெர்லின் வீட்டை விற்கப் போகிறார்களாம். மகன் பெர்த்திலிருந்து வருவான்.

அக்டோபர் 22, செவ்வாய்

புதிய சபையின் முதல் கூட்டம். சாலை அதிகாரியின் அறிக்கை வந்தது. ஃபெர்னி தெருவில் போன வாரம் ஆள்களை எண்ணினார்களாம். கோடு போடுவதற்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் கடக்க வேண்டும் என்று ஒரு அளவு இருக்கிறது. அந்த அளவுக்கு ஒருவர் குறைகிறார். எனவே இப்போதைக்குத் தேவை எழவில்லை.

ஒருவர்.

எழுந்து கத்திவிட்டேன். "அந்த ஒருத்தர் ஏன் குறைஞ்சாங்கன்னு யாராவது கேட்டீங்களா? அவங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்காங்கய்யா! இனிமே கடக்க மாட்டாங்க! கடக்கவே முடியாது!"

மேயர் மணியை அடித்தார். "கேள்விய எழுத்துல கொடுங்க. முறைப்படி பதில் வரும்."

யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள்: "லியான் மறுபடி ஜெயிச்சது பொறுக்கல."

அறிக்கையை ஏற்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் லியான் பாஸ்கோ. வழிமொழிந்தவர் ராஸ் ட்ரெவாரோ. தேவை எழும்போது மீண்டும் குரல் கொடுப்போம் என்று இருவரும் சொன்னார்கள். மாற்றுக் கருத்து? இல்லை. ஒன்பது கை. ஏகமனதாக.

அக்டோபர் 24, வியாழன்

அறுவடை தொடங்கிவிட்டது. காலையிலிருந்து லாரிச் சத்தம். மெர்ல் வீட்டில் விற்பனைப் பலகை நட்டுவிட்டார்கள். பார்க்க வந்த இளம் தம்பதி, கையில் குழந்தை. பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். எதிர்ப்பக்கம் என்றேன்.

மே மாதத்திலிருந்து எழுதிய இந்தப் பக்கங்களை நூலகத்தில் நகல் எடுத்து வந்தேன். ஒன்பது கவுன்சிலர்களுக்கு ஒன்பது உறை.

கடைசித் தாளில் பேனாவை வைத்தேன். பெயர் போட்டால் முதலில் பெயரைத்தான் படிப்பார்கள். மற்றதெல்லாம் ஆறாம் நம்பர் கோபம் ஆகிவிடும். பெயர் போடாவிட்டாலும் யாரென்று தெரியும், இந்த ஊரில் தெரியாமல் எங்கே போகும்? ஆனால் தெரியும் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் எல்லாவற்றையும் படித்ததாக ஆகும்.

கையெழுத்து இல்லாத கடிதத்தைச் சபை பதிவு செய்யாது, பதிலும் அனுப்பாது. விதி அப்படி. எதுவும் மாறாது என்று தெரிந்தேதான் உறைகளை ஒட்டுகிறேன். அவர்கள் பதில் சொல்ல வேண்டாம். அவர்களுடைய பதில்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன.

பேனாவை மூடிவிட்டேன். பெயர் இல்லாமலே தபாலில் போடுகிறேன்.