உங்கள் படையலுக்கு நினோ கோத்த சுர்ச்கேலா

வுப்பர்டால், கார்த்திகை 2006

என் ஆசைச் சின்னண்ணை,

இன்றைக்கு உங்கள் ஆட்டைத் திவசம். நீங்கள் போய் ஒரு வருடமாகிவிட்டது, நம்ப முடிகிறதா? சோறு கறியெல்லாம் ஆயத்தம். ஐயர் பத்து மணிக்கு வருவார். அதற்குள் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

படையல் சமைக்கிற வீட்டிலேயே செய்ய வேண்டுமென்று, நினோ சில கிழமைக்கு முன்பே வந்து என் குசினியில் சுர்ச்கேலா செய்தா. அவவின் ஜோர்ஜியா நாட்டு இனிப்பு, உங்களுக்கு உயிர். அக்ரூட் பருப்பை நூலில் கோத்து, மாவிட்டுக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் தோய்த்துத் தோய்த்து, ஜன்னலோரம் காயத் தொங்கவிட்டா. நீங்கள் நூலையும் சேர்த்துக் கடித்துவிட்டு முழிப்பீர்களே, அதைச் சொல்லிச் சிரித்தா, பிறகு அழுதா. நூலைத் தானே உருவிப் படைக்க வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனா.

நேற்றுக் காலை பெரியம்மா பிரான்ஸிலிருந்து வந்து இறங்கினா. நான் வாழையிலை வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், ஜன்னலில் ஒன்றுமில்லை.

“என்ன பிள்ளை, திவச வீட்டிலை சொசேஜஸ் தொங்குது? எல்லாத்தையும் குப்பையிலை போட்டுட்டு, மஞ்சள் தண்ணியும் தெளிச்சிட்டன்.”

“ஐயோ பெரியம்மா, அது இறைச்சியில்லை! இனிப்பு!”

“பார்த்தால் அப்பிடியே கிடந்துது. சரி விடு, இனிப்பெண்டால் கடையிலை வாங்கலாம்தானே? ஏன் இப்பிடிப் பதறுறாய்?”

கீழே ஓடினேன். குப்பை வண்டி வந்து போய்விட்டது.

பெரியம்மா பாவம், நல்லதென்று நினைத்துத்தான் செய்தா. நினோ உங்களோடு ஹோட்டலில் வேலை செய்த பிள்ளை என்று மட்டும்தான் அவவுக்குத் தெரியும். நீங்களும் நினோவும் பதிவுத் திருமணம் செய்த அன்று, “பெரியம்மாவுக்கு ஆறுதலாச் சொல்லுவம், என்ன அவசரம்?” என்றீர்கள். நல்ல ஆறுதல்! சொல்லுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள்.

நினோவுக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தெடுத்து வைத்தேன். மனம் வரவில்லை. வந்ததும் ஜன்னலைத்தான் பார்ப்பா. அவ உங்கள் மனைவி என்ற உண்மையைச் சொன்னால் பெரியம்மா சாப்பிடாமல் எழும்பிப் போய்விடுவாவா? சொல்லாவிட்டால், புருஷனின் திவசத்தில் நினோ யாரோ ஒருத்தியாக மூலையில் நிற்பதா? நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நழுவியிருப்பீர்கள், எனக்குத் தெரியாதா!

வாசல் மணி அடிக்கிறது. எட்டிப் பார்த்தேன், நினோதான். உங்கள் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறா. “ஆர் பிள்ளை அது?” என்று பெரியம்மா கேட்கிறா.

போகிறேன் அண்ணை. இலையில் வைக்க அவவின் இனிப்பு இல்லை. ஆனால் கதவைத் திறந்ததும், பெரியம்மாவுக்கு நன்றாகக் கேட்கும்படி, “வாங்கோ அண்ணி” என்றுதான் கூப்பிடுவேன். இது சத்தியம்.

உங்கள் இருவருக்கும் தங்கச்சி,
சுகி