சின்னவளின் காகிதம்

மார்ச் 4
ஒரே சாக்லேட் கம்பெனியில் நாத்தனார் உறை வடிவமைக்கிறாள், அண்ணி உறை சுற்றும் மெஷின் ஓட்டுகிறாள் என்றால் இப்படித்தான். சின்னவள், அதாவது என் நாத்தனார், கொண்டுவந்த புதுக் காகிதம் இன்று என் மெஷினுக்கு வந்தது. பிளாஸ்டிக் இல்லை, ஜிகினா இல்லை. சாப்பிட்டுவிட்டுப் பழைய பேப்பரோடு போட்டால் மறுபடி காகிதமாகிவிடுமாம். நல்ல விஷயம்தான். ஆனால் மூலைக்கு மூலை கிழிந்தது.

“கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க அண்ணி.”

“மெதுவா ஓட்டினா ஆர்டர் எப்படிம்மா முடியும்?”

எல்லோர் முன்னாலும் அவள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். வீட்டில் இரண்டு பேரும் பேசவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் முழித்தார்.

மார்ச் 9
இன்றும் கிழிந்தது.

மார்ச் 16, திங்கள்
மீட்டிங்குக்கு என்னையும் கூப்பிட்டார்கள். விற்பனை மேலாளர் வேறொரு உறை கொண்டுவந்திருந்தார். வெளியே காகிதம், உள்ளே ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக். மெஷினில் வழுக்கிக்கொண்டு போயிற்று. அதன்மேல் மறுசுழற்சிக் குறியை அச்சடிக்க வேண்டுமாம்.

“உள்ள என்ன இருக்குன்னு யார் பார்க்கப் போறா?” என்றார்.

“குப்பை பிரிக்கிறவங்க பார்ப்பாங்க சார். உரிக்க முடியாம எரிச்சிருவாங்க. இந்தக் குறியை நான் போட மாட்டேன்.”

சின்னவள் குரலை உயர்த்தவேயில்லை. முதலாளியம்மா பேனாவை மூடி வைத்தார். “அப்போ வெள்ளிக்கிழமைக்குள்ள உன் காகிதம் ஓடணும். இல்லைன்னா இதுதான். நீயும் வேற இடம் பார்த்துக்க.”

என்ன பேச்சு இது? எங்க வீட்டுப் பொண்ணு பொய் சொல்ல மாட்டேன்னு சொன்னது ஒரு குத்தமா? ஆனா — அவ நின்ன நிலை இருக்கே. இன்னைக்கு அவ என் நாத்தனார்னு ஊருக்கே சொல்லணும் போல இருந்துச்சு.

மார்ச் 17
பஸ்ஸில் வரும்போது தோன்றியது. பிளாஸ்டிக் இழுத்தால் கொஞ்சம் நீளும். காகிதம் நீளாது. மெஷினோ இத்தனை வருஷமாகப் பிளாஸ்டிக்குக்கே பழகியது. அப்புறம் காகிதத்தை மட்டும் குறை சொன்னால்?

அவளிடம் சொன்னேன். “நானும் ரொம்ப விறைப்பான காகிதமா வாங்கிட்டேன் அண்ணி. இதைவிட மெல்லிசா, வளைஞ்சு கொடுக்கிறது ஒண்ணு இருக்கு.”

“கொண்டா. பார்த்துருவோம்.”

மார்ச் 19
அவள் கொண்டுவந்த மெல்லிய காகிதத்தை மாட்டி, ரோலை இழுக்கும் இறுக்கத்தைக் குறைத்தோம். மடிக்கும் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டர் உரசி மழுங்கடித்துக் கொடுத்தார். மதியம் ஓரளவு ஓடியது. சாயங்காலம் மறுபடி கிழிந்தது. அவள் ரோலை மாற்றினாள், நான் இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். நாளைக்கு என்ன ஆகுமோ.

மார்ச் 20, வெள்ளி
ஓடியது. முழு வேகத்தில்.

முதலாளியம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். மேலாளர், “பளபளப்பு இல்லையே மேடம்” என்றார். சின்னவள் இரண்டு வாளித் தண்ணீரில் இரண்டு உறைகளையும் கிழித்துப் போட்டுக் கலக்கினாள். அவளுடையது கூழாகிவிட்டது. மேலாளருடையது பாம்புச் சட்டை மாதிரி மிதந்தது. முதலாளியம்மா கையை விட்டு அதைத் தூக்கிப் பார்த்தார்.

“இதுமேலயா அந்தக் குறியைப் போடச் சொன்னீங்க?” என்று மேலாளரிடம் கேட்டார். பிறகு இவளிடம், “உன்னோடதை அச்சுக்கு அனுப்பு.”

திரும்பி வரும் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இறங்க வேண்டிய இடம் வந்தும் எழுப்ப மனம் வரவில்லை.

ஏப்ரல் 14
புது உறைக்குள் வெளிவாசம் ஏறுகிறதா என்று பார்க்க, சோப்புக் கட்டிகளோடு ஒரே பெட்டியில் வைத்திருந்த சாக்லேட்டைப் பிரித்தோம். சோப்பு வாசம் துளிகூட ஏறவில்லை. ருசி பார்க்கிறேன் பேர்வழி என்று வீட்டுக்காரர் மொத்தத்தையும் தீர்த்துவிட்டார்.

ஜூன் 2
போட்டிக் கம்பெனிக்காரர்கள் இந்த உறையைப் பற்றிக் கேட்டு வந்திருந்தார்கள். முதலாளியம்மாவுக்கு இஷ்டமில்லை. “நாம பட்ட கஷ்டத்தை அவங்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கணுமா?”

“குப்பைமேட்டுல அவங்க உறை, நம்ம உறைன்னு பிரிச்சா கிடக்குது மேடம்?” என்றாள் சின்னவள்.

முதலாளியம்மா, “சரி, உள்ள கூட்டிட்டுப் போ” என்றார்.

வந்தவர்களில் ஒருவர், எங்கள் மெஷினில் எந்தக் காகிதமும் கிழிகிறதே, நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டார்.

“அதை எங்க அண்ணி சொல்வாங்க” என்று ஒதுங்கி நின்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, “கிட்ட வாங்க” என்றேன்.