அத்தையிடம் கேட்ட கேள்வி

என் பிரியமான பொன்னி,

வருகிற ஞாயிற்றுக்கிழமை சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு. போன வருஷம் நாம் இரண்டு பேரும் ஒன்றாக விண்ணப்பித்தோம். நீ போய்விட்டாய், நானும் எழுதவில்லை. இந்த வருஷம் எழுதுகிறேன். உனக்குத்தான் பொறுமையே கிடையாதே, அதனால் நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வாதத்தை எடைபோடும் கேள்விகளில் தேறிவிட்டேன் என்றால் நம்பமாட்டாய். நாம் போட்டுப் பார்த்த மாதிரித் தாளில் வந்த அந்த மிளகுக் கேள்வி நினைவிருக்கிறதா? சில்வர் ஓக் மரத்தில் கொடி ஏற்றியவர்களுக்கு மிளகு அதிகம் காய்த்தது. ஆகவே விளைச்சலுக்குக் காரணம் அந்த மரம்தான் என்று ஒரு வாதம். அது சரியா என்று பார்க்க எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டு நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு ‘சில்வர் ஓக் வேகமாக வளருமா?’ என்பதை டிக் அடித்தேன். நம் தோட்டத்து மரம், வளரும் என்று எனக்குத் தெரியாதா! நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

“ஏ புள்ள, உனக்குப் பதில் தெரிஞ்ச கேள்வியத் தேடாத. மத்த தோட்டத்துக்கும் அதே எருவப் போட்டாங்களான்னு கேளு. போட்டிருந்தா வாதம் நிக்கும், போடலீன்னா ஆட்டங்கண்டுரும். எந்தப் பதில் வந்தாலும் வாதம் அசையணும், அதான் சரியான கேள்வி.”

அதைக் கற்றுக்கொண்டேன். ஆனால் தாளில் மட்டும்தான்.

ஏனென்றால் எனக்குள்ளேயே ஒரு வாதம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமை உன்னைப் படிக்க வரச் சொன்னது நான். பஸ் பாதி வழிக்கு மேல் வரவில்லை. மலையில் எடப்புளி நாட்டு உன் ஊரிலிருந்து அரியூர் நாட்டு எங்கள் ஊருக்கு மீதித் தூரம் மழையில் நடந்தே வந்தாய், தொப்பலாக நனைந்து. மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டாய் என்றார்கள். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. ஆகவே உன்னைக் கொன்றது நான்.

ஒரு வருஷமாக உன் அம்மாவை, என் அத்தையைப் பார்க்கும்போதெல்லாம் வேறு என்னென்னவோ கேட்டேன். சாப்பிட்டீர்களா, கால்வலி எப்படி இருக்கிறது, மரவள்ளி பிடுங்கியாயிற்றா. கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை. பதில் எனக்கு எதிராக வந்துவிட்டால் என்ன செய்வேன்? நீயாக இருந்தால் கேட்டிருப்பாயா, பொன்னி?

போன வாரம் கேட்டுவிட்டேன். அத்தை சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அத்தை, பொன்னிக்கு மழையில நனையறதுக்கு முன்னாலயே காய்ச்சல் இருந்துச்சுங்களா?”

முறம் நின்றது. அத்தை உள்ளே போய் ஒரு சீட்டை எடுத்து வந்தார்கள். சுகாதார நிலையத்தில் உனக்குக் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த சீட்டு. தேதி, அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்பு.

“மாத்திரையத் தின்னுட்டுத்தான் உங்க ஊட்டுக்கு வந்தா கண்ணு. போவாதன்னு சொன்னேன், கேக்குல. காய்ச்சல்னு தெரிஞ்சா நீ படிக்க விடமாட்டேன்னு, உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னுட்டா. இத்தன நாளா இதையா சாமி மனசுல வெச்சிருந்த?”

அழுதேன். அத்தையும் அழுதார்கள். பிறகு திட்டினார்கள், உன்னையும் சேர்த்துத்தான். பிறகு சோறு போட்டார்கள். வெகுநாளைக்குப் பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மழை உன் காய்ச்சலைக் கூட்டியிருக்குமோ? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைக்க இப்போது முடிகிறது. காலையில் புத்தகத்தைத் திறந்தால் உன் முகம் வருகிறது, பயம் வருவதில்லை. நிம்மதியாக இருக்கிறேன். உன்மேல்தான் கொஞ்சம் கோபம், என்னிடம் மறைத்துவிட்டாயே என்று.

ஞாயிற்றுக்கிழமை அத்தையும் என்னோடு சேலம் வருகிறார்கள். நான் எழுதி முடிக்கும்வரை வெளியே காத்திருப்பார்களாம். வேண்டாம் என்றால் கேட்கிறார்களா? உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

இந்தத் தேர்வில் தேறுவேனா, தெரியாது. தேறாவிட்டால் மறுபடியும் எழுதுவேன். ஆனால் ஒன்றை மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். இனி ஒருநாளும், தனியாக இருக்கும்போதுகூட, உன்னை நான் கொன்றேன் என்று சொல்லமாட்டேன்.

உன் மாமன் மகள்,
சாந்தி